மதிப்பெண் அட்டையைக் காட்ட எந்த வாரம் நல்ல வாரம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையை வரும் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். வழக்கமாக அதோடு ஒரு துண்டுச் சீட்டை வைத்து, கையெழுத்திட்டு மூன்று நாளில் திருப்பி அனுப்பவும் என்று எழுதுவோம். இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். போன வாரம் என் அறை வாசலில் வந்து நின்ற ஏழாம் வகுப்புப் பையன்தான் அதற்குக் காரணம்.

"மார்க் அட்டை எப்பங்க சார் தருவீங்க?" என்றான். திங்கட்கிழமை என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்டுங்க சார். தூக்கம் பத்தாது, சத்தம் போடுவாரு. அதுக்கு அடுத்த வாரம் பகல் ஷிப்ட் வந்துரும். அப்பக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வரட்டுங்களா?"

அவன் அழவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வோமே, அப்படிச் சாதாரணமாகச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 12 வயதில் அப்பாவின் கோபத்துக்கு ஒரு நாள்காட்டி போட்டு வைத்திருக்கிறான்.

அவன் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தறிதான் சோறு. இரவெல்லாம் தறிக்கூடத்தில் நின்றுவிட்டு வருகிறவர் பகலில் தூங்க வேண்டும், பக்கத்து வீட்டுத் தறியோ ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிக் குரலும் உயர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அது இறங்குவதில்லை. நூல் விலை, வாங்கிய முன்பணம், வாடகை என்று மனதில் கிடக்கிற அத்தனையும் சேர்ந்து, கணக்கில் 31 மார்க் வாங்கிய பிள்ளையின் தலையில் இறங்குகிறது.

நானும் கோபக்காரன்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு காலை வழிபாட்டில் வரிசை கலைந்தது என்பதற்காக ஒரு வகுப்பையே நிற்க வைத்துக் கத்தினேன். அறைக்கு வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, பின்மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. மாலையில் மருத்துவரிடம் போனேன். இரத்த அழுத்தம் 160/100 இருந்தது. கத்தியதால் வந்த வியாதி என்று அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன், கோபம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கோபம் வந்த கணத்தில், ஏதோ ஆபத்து என்று மூளை உடம்புக்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. சண்டைக்குத் தெம்பு வேண்டுமே என்று கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செரிமானம் மந்தமாகிறது. புலி எதிரே வந்தால் இதெல்லாம் வேண்டியதுதான். மதிப்பெண் அட்டைக்கு வேண்டியதில்லை.

2024இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 280 பேரைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் தங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தை 8 நிமிடம் நினைத்துப் பேசச் சொன்னார்கள். இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை அவர்களுக்குக் குறைந்துபோனது. அந்தக் குறைவு 40 நிமிடம் வரை இருந்தது. பழைய கோபத்தை நினைத்ததற்கே இப்படி என்றால், தினமும் இரண்டு வேளை கோபப்படுகிற உடம்பு என்ன பாடுபடும்? கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பிள்ளைகளின் உடம்பிலும் இதேதான் நடக்கிறது. திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்தால், ஞாயிறு வீட்டில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்கிறேன். எல்லாருக்கும் அது காரணமில்லை. பல பேருக்கு அதுதான் காரணம். யோசித்து நிதானிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி 25 வயது வாக்கில்தான் முழுதாக முதிர்கிறது. ஆகவே "உனக்கு அறிவில்லையா?" என்று 13 வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் பிரயோஜனமில்லை. நிதானத்தை அது நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, கோபம் வந்தால் என்ன செய்வது? உங்களில் பலருக்குக் கை அறிந்த வேலையிலேயே வழி இருக்கிறது. பாவில் ஒரு இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் தறியை நிறுத்துவீர்கள். ஓடுகிற தறியில் கையை விட்டு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிந்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவீர்கள். பிள்ளையிடமும் அப்படியே நிறுத்துங்கள். "எனக்கு இப்போ கோபமா இருக்கு கண்ணு, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். அப்படிப் பத்துத் தடவை விட்டால் இதயத் துடிப்பு இறங்குவது உங்களுக்கே தெரியும். நான் இதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன்.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நம்பினேன். தலையணையைக் குத்துவது, பாத்திரத்தைப் போட்டு உடைப்பது எதுவும் கோபத்தைக் குறைப்பதில்லை. கோபத்தைப் பற்றிய 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா என்று உடம்பைத் தணிக்கிறவைதான் உதவுகின்றன. அதற்காகக் கோபத்தை விழுங்கிவிட்டு நாள் கணக்கில் உள்ளுக்குள் அசைபோடச் சொல்லவில்லை. அதுவும் உடம்புக்குக் கெடுதல். தணிந்த பிறகு பேசிவிட வேண்டும். என்றாவது மீறிக் கத்திவிட்டால், மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு "நேத்து அப்பா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அந்த வகுப்பின் முன் நானும் போய் நின்று அப்படிச் சொன்னேன்.

கோபம் கைமீறிப் போகிறது, கை நீண்டுவிடுகிறது, குடி சேர்ந்தால் இன்னும் மோசமாகிறது என்ற நிலை வீட்டில் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸின் இலவச எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே உதவி கேட்க 1098 இருக்கிறது, அதை எல்லா வகுப்பறையிலும் எழுதி வைத்திருக்கிறோம். பள்ளிக்குள் எந்த ஆசிரியராவது உங்கள் பிள்ளையை அடித்தாலோ, மனம் நோகும்படி பேசினாலோ என்னிடம் நேராக வாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இரண்டையும் தடை செய்திருக்கிறது.

மதிப்பெண் அட்டையைத் திருப்பித் தர இந்த முறை மூன்று நாள் இல்லை, இரண்டு வாரம். இரவு ஷிப்ட் வாரமாக இருந்தால் முதலில் தூங்குங்கள், அட்டையை அடுத்த வாரம் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அந்தப் பையனிடமும் சரி என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்