பழைய டாக்கீஸின் பக்கக் கதவுகளைத் திறக்க உத்தரவிடுங்கள்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கும் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

கடைவீதியின் பழைய டாக்கீஸ் கட்டடத்தில் இருக்கைகள் இருந்த கூடம் திருமண மண்டபமாகவும், அதைச் சுற்றிய நடைவழிகள் ஜவுளிக் கிடங்காகவும் இயங்கிவருவதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற முகூர்த்தத்தன்று மாலை அங்கே சீரியல் விளக்கு வயரில் தீப்பொறி கிளம்பிக் கூடமெங்கும் புகை சூழ்ந்ததும் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். உயிர்ச்சேதம் இல்லாததால் விசாரணையும் இல்லை போலும்.

அன்று அங்கிருந்த முதியவர்கள், படம் பார்த்த காலத்துப் பழக்கத்தில், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெற்குப் பக்கக் கதவுகளை நோக்கித்தான் ஓடினார்கள். நிலைக்கு மேலே "அவசர வழி" என்ற சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை. ஆனால் கதவுகளுக்கு அப்பால் துணி மூட்டைகள் தோளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கதவின் தாழ்ப்பாளை வெல்டிங் வைத்தே அடைத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கதறியதை நான் நேரில் பார்த்தேன். பிறகு அத்தனை பேரும் முன்வாசல் ஒன்றின் வழியாகவே நெருக்கியடித்து வெளியேறினார்கள்.

படம் ஓடிய காலத்தில், 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற அதிகாரிகள் இதே கதவுகளைச் சோதித்தார்கள். மண்டபங்களுக்கும் 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டம் இருக்கிறது. அப்படியிருக்க, இந்தக் கதவுகள் எப்படி அடைபட்டன? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத் தீயில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். இவற்றையெல்லாம் கண்ட பிறகும் ஒரு கதவைத் திறக்கச் சொல்லி மடல் எழுத வேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

கட்டடத்தை மீண்டும் திரையரங்காக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மதுரையில் 1952இல் திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. சென்னை அண்ணா சாலையில் 1913இல் கட்டப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் அஞ்சல் துறையின் பயன்பாட்டில் இருக்கிறது. எங்கள் டாக்கீஸும் மண்டபமாகவே இருக்கட்டும். ஏழை வீட்டுக் கல்யாணங்களுக்கு இந்த வாடகையில் வேறு இடம் ஊரில் இல்லை. ஆனால் கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

எனவே, தீயணைப்புத் துறையினரோடு நேரில் வந்து ஆய்வு செய்து, நடைவழிகளிலுள்ள மூட்டைகளை அகற்றவும், அடைத்த கதவுகளைத் திறக்கவும், அதுவரை அங்கே விசேஷங்களை நிறுத்திவைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. அதற்குள் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
கடைவீதிக் குடியிருப்போர் சார்பில் ஒருவர்