வாசகசாலைச் சுவர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குக் குழுவின் வணக்கம்.

சென்ற தைப்பொங்கலன்று மொட்டைமாடியில் கூடியபோது, மும்பை சயானில் உள்ள நம் குடியிருப்பின் தரைத்தள வாசகசாலைச் சுவரில் ஓவியம் வரைவது என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஓர் உலகத்தைக் கற்பனை செய்து, அது உண்டான கதையையும் அதன் சாமிகளையும் சொல்ல வேண்டும், ஓவியர் அதை வரைய வேண்டும் என்பது தீர்மானம். சுவர் 31 அடி நீளம், 9 அடி உயரம். மே மாதக் கடைசி ஞாயிறன்று வேலை முடிந்தது. ஏன் இத்தனை நாள், ஏன் இவ்வளவு பணம், ஓவியத்தின் ஆறாம் கட்டத்தில் ஏன் சாமியே இல்லை என்று மூன்று கேள்விகள் மாடிப்படியில் அடிக்கடி கேட்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்த அறிக்கை கொஞ்சம் நீளம்.

‘திருப்பணி’ என்ற சொல்லை முதலில் தீர்த்துவிடுகிறோம். அது கோயில் வேலைக்கு மட்டுமே பொருந்தும் என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் ஆட்சேபித்திருந்தார். நியாயம்தான். பொங்கலன்று யாரோ விளையாட்டாகச் சொன்னது ரசீதுப் புத்தகத்திலும் அச்சாகிவிட்டது; மறுபடி அச்சடிக்கக் காசில்லை. சுவருக்குக் கும்பாபிஷேகம் நடக்கவில்லை, உண்டியல் வைக்கவில்லை, கற்பூரமும் காட்டக் கூடாது (புகை பட்டால் வண்ணம் கறுத்துவிடும்). ஜன்னல் திண்டில் மட்டும் தினமும் ஒரு செம்பருத்தி இருக்கிறது. யார் வைக்கிறார்கள் என்று குழு விசாரிக்கவில்லை.

பிப்ரவரியில் சுவர் வேலை தொடங்கியது. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் ஈரம் காயாத சுவரில் பட்டி பூசி, இரண்டு கோட் பிரைமரும் அடித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் சுவர் அப்பளம் மாதிரிப் பொரிந்து எழும்பியது. ஒரு பையன் விரலால் தட்டித் தட்டி ஓர் அடிக்கு உரித்துவிட்டான். அவனைத் திட்டியதற்குக் குழு வருந்துகிறது, ஏனென்றால் அவன் உரித்த இடத்தில்தான் மேல்வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தது. போன 11,000 ரூபாயைத் திரும்பக் கேட்டோம். அவர் ஃபோனை எடுக்கவில்லை. அப்புறம் குழாயை மாற்றி, செங்கல் தெரியும்வரை கொத்தி, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவை சேர்த்துப் பூசி, மூன்று வாரம் மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைத்தோம். அந்த மூன்று வாரத்தில்தான் கதை தேறியது. சுவர் சொன்ன நேரத்தில் காய்ந்திருந்தால், படுமோசமான கதை ஒன்று மார்ச்சிலேயே அதில் ஏறியிருக்கும்.

எவ்வளவு மோசம் என்றால், பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தது பதினொரு சாமிகளின் பட்டியல். நெருப்புச்சாமி, மின்னல்சாமி, பனிச்சாமி என்று ஆளுக்கொரு சக்தி. அந்தச் சக்திக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். பனிச்சாமிக்குத் தொண்ணூற்றைந்து. இந்த ஊரில் பனிக்கட்டியை நாம் பார்ப்பது ஐஸ் கோலா விற்பவர் வண்டியில்தான். மூன்றாம் மாடிப் பாட்டி பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிடா கண்ணு, இந்தச் சாமி எந்த ஊரு? என்ன படைப்பாங்க?” என்றார். பதினொரு சாமியில் ஒன்றுக்கும் ஊரில்லை, படையலும் இல்லை.

குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மறுவாரம் தொல்காப்பியத்தோடு வந்தார். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரை மணலுக்கு வருணன் என்று அகத்திணையியல் சொல்வது பலருக்கும் தெரிந்ததுதான். அவர் காட்டியது அந்த நூற்பாவின் அமைப்பை. ‘மாயோன் மேய காடுறை உலகம்’ என்பதில் மாயோன் அடைமொழி, உலகம்தான் எழுவாய் மாதிரி நிற்கிறது. நிலம் இருந்தால்தான் அதில் உறையச் சாமி வரும். பாலைக்கு அந்த நூற்பா தெய்வம் சொல்லவே இல்லை. கொற்றவையை அங்கே அமர்த்தியது பின்னால் வந்தவர்கள். பட்டினப்பாலையில் வரும் பரதவர் சிலை எதுவும் வைக்காமல் சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிடுகிறார்கள் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் பனிச்சாமியை அப்படியே கைவிட்டார்கள்.

நடுவில் ஒரு வாரம் வழி தவறியது. பாபிலோனியர் கதையில் மார்துக் கடல்தாய் தியாமத்தை இரண்டாகப் பிளந்து வானமும் மண்ணும் செய்கிறான், வடநாட்டு ஐரோப்பியர் கதையில் இமிர் என்ற அரக்கனின் ரத்தம் கடலாகிறது, மண்டையோடு வானமாகிறது என்று ஆசிரியர் சொல்லிவைத்தார். அந்த வாரம் நோட்டுப் புத்தகம் முழுக்கச் சிவப்பு பென்சில். பரிபாடலில் வானம், காற்று, தீ, நீர் எல்லாம் வந்தபின் கடைசியில் அமைதியாக நிலம் வருவதை அவர் சொன்னபோது யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

சரி, வெளியே கூட்டிப்போவோம் என்று ஒரு ஞாயிறு கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்கு அழைத்துப் போனோம். கடல் ஏறியிருக்கும்போது தர்காவுக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் இருக்கும். நாங்கள் கரையில் காத்திருந்தோம். ஓதம், அதாவது ஏறிய கடல், இறங்க இறங்க, முதலில் அலை ஒரே இடத்தில் தடுக்கி வெள்ளையாகிறது, அப்புறம் பாசி படிந்த ஒரு விளிம்பு, அப்புறம் மனிதர்கள் நடக்கும் பாதை. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, “கடல் இத மறந்துட்டுப் போயிடுச்சா?” என்று கேட்டாள். சுவரில் இருக்கும் உலகம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதற்கு ஏழ்திட்டு என்று பெயர் வைத்தார்கள்.

ஏழ்திட்டின் கதை இது. முதலில் ஓதத்தாள் மட்டும் இருந்தாள். வருவாள், போவாள், வந்து சேர இடமில்லை, போய் ஒதுங்கவும் இடமில்லை. அவளுக்கு ஞாபகமறதி. ஒருமுறை திரும்பிப் போகும்போது எதையோ விட்டுவிட்டுப் போனாள், அது திட்டானது. இப்படி ஏழு முறை. ஒவ்வொரு திட்டிலும் அவள் மறந்துபோன பொருளே அந்தத் திட்டின் சாமி. உப்பை மறந்த திட்டில் உப்பாத்தாள். அவள் எதிரில் பொய் சொன்னால் சோறு கரிக்கும். நண்டை மறந்த திட்டில் நண்டுச்சாமி. பக்கவாட்டில்தான் நடப்பார், அதனால் அவரிடம் வரம் கேட்பவர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். தூக்கத்தை மறந்த திட்டின் சாமிக்கு இன்றுவரை பெயர் இல்லை, எழுப்பிக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லையாம். அன்றிலிருந்து ஓதத்தாள் தூங்கியதே இல்லை. ஏழு பேரையும் இங்கே எழுதவில்லை, நேரில் வந்து பாருங்கள்.

ஏழு சாமிகளும் தனித்தனித் திட்டில் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தார்கள். ஏழாம் திட்டின் கூடையன் ஒருநாள் பாசியால் கூடை முடைந்து, கல்லும் மண்ணும் சுமந்து நடுக்கடலைத் தூர்க்க ஆரம்பித்தான். ஓதத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை முடிந்து கூடையைக் கவிழ்த்துத் தட்டியபோது இடுக்கில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது, அதுதான் மனிதர்கள். நம் உள்ளங்கையில் இருக்கும் ரேகை அந்தக் கூடையின் பின்னல் தடம். இதைச் சொன்ன பையன் தன் கையை விரித்துக் காட்டினான். குழுவில் ஐந்து பேரும் ஒரு நிமிடம் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டோம்.

இது எந்த ஊர்க் கதை என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலாபா, சின்ன கொலாபா, பம்பாய், மசகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவாக இருந்ததைத்தான் தூர்த்து ஒன்றாக்கினார்கள். 1780களில் வொர்லிக்கும் மகாலட்சுமிக்கும் நடுவே கடல் புகுந்த உடைப்பை அடைக்கக் கட்டிய சுவர் திரும்பத் திரும்ப இடிந்ததாம். பொறியாளர் ராம்ஜி சிவ்ஜியின் கனவில் அம்மன் வந்து, தான் கடலுக்கடியில் கிடப்பதாகச் சொல்ல, சிலைகளை எடுத்த பிறகே சுவர் நின்றது என்று மகாலட்சுமி கோயிலின் கதையாக இங்கே சொல்வார்கள். மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே சாலை வந்தது 1845ல். கொங்கணக் கரையே பரசுராமர் கோடரியை எறிந்து கடலிடம் வாங்கியது என்பார்கள். நம் பக்கத்திலும் உக்கிரபாண்டியன் வேலெறிந்து கடலை வற்றவைக்கிறான்; அதே பாண்டியர் நாட்டில் பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலம்பு சொல்கிறது. எடுப்பதும் கொடுப்பதுமாக இந்தக் கணக்கு எங்கும் உண்டு. பிள்ளைகள் அதை வட்டியோடு போட்டார்கள்: கேட்காமல் எடுத்த மண்ணுக்காக ஓதத்தாள் வருடம் ஒருமுறை வசூலுக்கு வருவாள், ஜூன் மாதத்தில்.

இனி ஆறாம் கட்டம். சாமி இருப்பது ஓதத்தாள் மறந்த மண்ணில்தான் என்றால், கூடையன் தூர்த்த மண்ணில் யார் இருப்பது? பிள்ளைகள் இரண்டு ஞாயிறு சண்டை போட்டு, யாரும் இல்லை என்று முடிவு செய்தார்கள். இதைக் கேள்விப்பட்ட ஓர் அன்பர், தன் குலதெய்வத்தை அங்கே வரைந்தால் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். குழு நன்றியோடு மறுத்துவிட்டது. அவருடைய சாமிக்கு ஊரில் கோயில் இருக்கிறது, கொடை இருக்கிறது, முறை இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகளின் கதையில் நண்டுச்சாமிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது சரியில்லை. பணம் தேவைப்பட்ட நேரம், மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது என்பதையும் மறைக்கவில்லை.

அந்தக் கட்டத்துக்கு வழி சொன்னவரும் பாட்டிதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் அதை வைத்துப் பீடம் எழுப்புவதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். மாஹிம் கழிமுகத்துச் சதுப்பில் வளர்ந்த தாராவிக்கு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பக்கம்தான் பூர்வீகம். ஆகவே ஆறாம் கட்டத்தில் இருப்பவர்கள் மனிதர்கள் மட்டும்: லோக்கல் ரயில் வாசலில் தொங்குகிறவர், தண்ணீர்க் குடத்தோடு நிற்பவர், செருப்பு தைப்பவர். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவர் முந்தானையிலோ வேட்டி மடிப்பிலோ ஒரு சின்ன முடிச்சு இருக்கும். முடிச்சில் என்ன இருக்கிறது என்று வரையவில்லை.

ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை. தாராவிக்காரர், கடைப் பலகையும் சினிமா பேனரும் எழுதிக்கொண்டிருந்தவர், ஃப்ளெக்ஸ் வந்தபின் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறார். பிள்ளைகளின் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சுவரில் சாக்பீஸ் பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டிப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கினார். பிள்ளைகளின் கோணல் கோட்டை நேராக்கவே இல்லை. எல்லாம் முடிந்தும் ஓதத்தாளின் முகத்தில் கண் இல்லாமல் நாலு நாள் கிடந்தது. கேட்டால், “கண்ணு கடைசிலதான் சார்” என்றார். மே கடைசி ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பாதியில் கதவைத் திறந்து ஒரு கண்ணாடி கேட்டார். இரண்டாம் மாடியிலிருந்து முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தோம். கோயிலில் கண் திறந்ததும் சாமிக்குக் கண்ணாடி காட்டுவது முறை. இது கோயில் இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கணக்கு. 46 வீடுகள் ஆயிரம் வீதம் 46,000, நன்கொடை 21,500, பழைய பேப்பர் விற்றது 1,840. ஆக வரவு 69,340 ரூபாய். செலவில் முதல் பட்டி வேலை 11,000 (போனது போனதுதான்), குழாய், கொத்து, மறுபூச்சு எல்லாம் சேர்த்து 23,600, வண்ணமும் தூரிகையும் 9,450, ஓவியர் கூலி 24,000, சாரப் பலகை வாடகை 1,200, தேநீர், வடாபாவ் 2,310. ஆக 71,560. துண்டு விழுந்த 2,220 ரூபாயைப் பொருளாளர் கைக்காசிலிருந்து போட்டிருக்கிறார். இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். வந்துவிட்டால் பொருளாளருக்குக் கொடுத்தது போக 780 மிஞ்சும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஜூனில் மழை பிடித்த மூன்றாம் நாள், ஆறாம் கட்டத்தின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் ஏறியது. வெளிச்சுவரில் மழைநீர்க் குழாயின் மூட்டு விட்டிருக்கிறது என்பது குழுவின் கருத்து. பிள்ளைகளின் கருத்து உங்களுக்கே தெரிந்திருக்கும். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதி வருகிறார்கள். இதுவரை மூன்று கோடு. மூட்டைச் சரிசெய்ய மழை நின்ற பிறகுதான் ஆள் வருவார். அதுவரை அந்தக் கோடுகளை யாரும் துடைக்க வேண்டாம். மீந்த நீல வண்ணம் அரை லிட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, சாவி இரண்டாம் மாடியில்.

இப்படிக்கு,
குழுவுக்காக, செயலாளர்