மேய்க்கால் புறம்போக்கில் காட்டாமணக்கு வேண்டாம்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள், கால்நடை வளர்ப்போர், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.

பொருள்: எண்ணெய் வித்துத் தோட்டத்துக்கு மேய்ச்சல் நிலத்தை ஒதுக்க வேண்டாம் எனக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கை அண்மையில் அளந்துவிட்டுப் போனார்கள். விதை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு வைக்கப் போவதாகப் பேச்சு. எழுத்தில் எதுவும் வரவில்லை. வருவதற்கு முன்பே எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறோம்.

கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு மாற்று எரிபொருள் தேவைதான். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது 2018-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை. சரி. ஆனால் 2003-இல் மத்திய திட்டக் குழு அமைத்த குழு, இதே காட்டாமணக்கை நம்பித்தான் 2011-12-க்குள் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. அது நடக்கவில்லை. தரிசில் தண்ணீரில்லாமல் செடி பிழைக்கும், காய்ப்புதான் இருக்காது. 'ஆடு மாடு வாய் வைக்காத செடி' என்பதை அப்போது பெருமையாகவே சொன்னார்கள். மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய் வைக்க அந்தச் செடிதானா கிடைத்தது?

ஆலம்பாடி மாடு இந்த மாவட்டத்து இனம். அதைக் காப்பாற்றக் காரிமங்கலத்தில் அரசே ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. மேய்ந்து வளரும் மாடு அது. தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுத்தறியில் வளர்க்க எங்களுக்குக் கட்டாது. காட்டுக்குள் மேய்ச்சலுக்கு 2022-இல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்துவிட்டது. மழை பொய்த்துச் சாமையும் கேழ்வரகும் கைவிட்டால், இரண்டு ஆட்டை விற்றுத்தான் வீட்டுச் செலவைப் பார்க்கிறோம். ஆடும் இல்லையென்றால் அப்புறம் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் புறம்போக்கு ஊராட்சியின் பொறுப்பில் உள்ளது. எனவே கிராம சபையில் வைத்துப் பேசாமல் இந்த நிலத்தை எந்தத் துறைக்கும், எந்த நிறுவனத்துக்கும் மாற்றித் தர வேண்டாம். அளந்ததற்கான காரணத்தையும் எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எண்ணெய் வித்துதான் தேவை என்றால் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் புங்கன் வைக்கலாம். நிழல் கிடைக்கும், புண்ணாக்கு வயலுக்கு உரமாகும். புங்கங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் பொறுக்கும் பெண்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள். வாங்க வரும் வியாபாரி சொல்வதுதான் இன்று விலை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் அரசே கொட்டையைக் கொள்முதல் செய்ய ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், நிலத்தின் புல வரைபட நகல்