மீன்காரம்மா கட்டும் வரி

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, "நாங்கள் மட்டும் வரி கட்டுகிறோம், மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்று சொன்னாய். அன்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

நம் தண்டையார்பேட்டைக் கடைக்குக் காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும். வியாழக்கிழமை அவர் சுருக்குப்பையை அவிழ்த்து, ஈரம் காயாத பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துகொண்டு போனார். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது; கணக்குப் போட்டால் ஏறக்குறைய 45 ரூபாய் வரும். ஐஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போக அன்றைக்குக் கையில் நின்றது நானூறு ரூபாய் என்று அவரே சொன்னார். அப்படியானால் ஒரு நாள் உழைப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு ரீசார்ஜின் வரிக்கே போய்விட்டது. அதே ரீசார்ஜுக்குக் கோடீசுவரரும் அதே 45 ரூபாய்தான் கட்டுகிறார். அந்த அம்மாவை வரி கட்டாதவர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, அம்மா. வருமான வரி கட்டாதவர் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

உன் வருத்தத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கைக்கு வரும் முன்பே உனக்கு வரி பிடித்தம் ஆகிவிடுகிறது. வருமான வரியின் புதிய முறையில் ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம். ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று லாபம் பார்ப்பவருக்கு, ஒன்றேகால் லட்சம் கழித்து, அடிப்படை விகிதம் 12.5 சதவீதம்தான். இரவு கண்விழித்து நீ சம்பாதிக்கும் பணத்துக்கு அதிக வரியும், பணம் தானே ஈட்டும் பணத்துக்குக் குறைந்த வரியும் என்பது எந்தக் கணக்கில் சேரும்? உன் கோபம் போக வேண்டிய இடம் அதுதான்.

தந்தை விட்டுச்செல்லும் பெருஞ்சொத்துக்கு ஒரு காலத்தில் வரி இருந்தது. 1985இல் அதை எடுத்துவிட்டார்கள். 1957இல் வந்த செல்வ வரியும் 2015 பட்ஜெட்டோடு போயிற்று. வசூலாவது சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்று காரணம் சொல்லி, அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதலாகச் சர்சார்ஜ், அதாவது கட்டும் வரியின் மேல் இன்னொரு வரி, போட்டார்கள். ஆனால் அது வருமானத்தின் மேல் விழும் வரி. நிலமாகவும் பங்காகவும் குவிந்து கிடக்கும் செல்வத்தை அது தொடவில்லை. 1973-74இல் இருந்ததுபோல் உச்ச வருமான வரியை 97.75 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிப் போட்டால் பணம் கறுப்பாகத்தான் மாறும். சம்பளத்துக்கும் பங்கு லாபத்துக்கும் ஒரே தராசு வேண்டும் என்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது கடையின் ஒரு மாதப் பில்களை எடுத்து வைக்கிறேன். யார் எவ்வளவு வரி கட்டியிருக்கிறார் என்று நீயே கூட்டிப் பார்.

அன்புடன்,
அப்பா