குழப்பம் குறிப்பில் இருக்கட்டும், கட்டத்தில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பேப்பர் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் தனியாகக் கழற்றப்படுவது குறுக்கெழுத்துப் பக்கம்தான், அரசியல் கட்டுரையெல்லாம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அப்பா தொடுவார். அந்த உரிமையில் ஒரு சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

போன கிழமை மேலிருந்து கீழில் "இது ஒரு பூ (குழம்பியுள்ளது)" என்று ஒரு குறிப்பு, அதாவது விடையின் எழுத்துகள் கட்டத்தில் இடம் மாறி நிற்கும். நாலு கட்டம். மல்லிகை என்று நான், சாமந்தி என்று அப்பா. குறுக்கே வந்த சொல்லால் முதல் கட்டத்தில் 'ல்' விழுந்தது. சரி, மல்லிகைதான், நான் வென்றேன். ஆனால் மிச்சமிருக்கிற ம, லி, கை மூன்றையும் எந்த ஒழுங்கில் எழுதுவது? 6 வழி இருக்கிறது. விடை தெரிந்த பிறகும் பேனையைப் பிடித்துக்கொண்டு முழிக்க வைப்பதற்குப் பெயர் புதிர் இல்லை, லொத்தர்.

குழப்பமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது குறிப்புக்குள் இருக்கட்டும், விடை கட்டத்தில் நேராக நிற்கட்டும். இப்படி: "நரகம் கொஞ்சம் மாறினால் பட்டணம் (4)". நரகத்தின் எழுத்துகள் இடம் மாறினால் நகரம். 'பட்டணம்' அர்த்தத்தைச் சொல்கிறது, 'மாறினால்' எழுத்தைக் கலைக்கச் சொல்கிறது. வாசிக்கிறவருக்குக் கொழும்பில் பஸ்ஸுக்கு நின்றது ஞாபகம் வந்தால் அது அவர் பாடு.

லண்டன் ஒப்சேவர் பத்திரிகையில் 1926இல் இருந்து டோர்க்கமாடா என்ற புனைபெயரில் ஒருவர் இந்த மாதிரிப் புதிர் போட்டார், 1939இல் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் சிமெனீஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு வாத்தியார். இரண்டுமே ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தியவர்களின் பெயர்கள், ஆட்களை வதைக்கிறோம் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்! ஆனால் வதைப்பதற்கும் சிமெனீஸ் ஒரு ஒழுங்கு வைத்தார்: குறிப்பில் விடையின் சரியான அர்த்தம் இருக்க வேண்டும், எழுத்துகளுக்கு நியாயமாக ஒரு வழி காட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல்கூட வரக்கூடாது. சும்மா அழகுக்கு ஒரு 'நல்ல', ஒரு 'அந்த' போட்டாலும் பிழை. நானும் எழுதிப் பார்த்தேன், கடைசி விதிதான் உயிரை எடுக்கிறது.

இது இங்கிலீசுக்குத்தான் சரிவரும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பாம்பையும் எள்ளையும் காளமேகம் ஒரே வெண்பாவுக்குள் அடைத்த மொழி இது. "சமுத்திரத்தைக் கொறிக்கலாம் (3)" என்று போட்டால் கடலை. வேற்றுமை உருபு ஒன்று ஒட்டிக்கொண்டதும் கடல் வாய்க்குள் வந்துவிடுகிறது, இங்கிலீசில் செய்து காட்டட்டும் பார்ப்போம். (நிலக்கடலையை நினைத்துக் கச்சான் என்று எழுதி அனுப்பாதீர்கள், எங்கள் கடற்கரையில் இரண்டும் வேறு வேறு சுருள்.) "முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நாள் (3)" என்றால் திகதி. இந்தியாவில் தேதி என்பார்கள், அது இரண்டு கட்டத்தோடு முடிந்துவிடும், திருப்பி வாசிக்கவும் வராது. இந்தக் குறிப்பு எங்களுக்கு மட்டும்தான்.

எனக்குப் பெருமையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு கிழமை எடுத்தது: "மரியாதையோடு கோணத்தில் அலை மோதும் ஊர் (6)". மரியாதைக்குத் திரு, அப்புறம் கோணம், அதில் அலை. ம் என்ற மெய்மேல் அ வந்து ஏறியதும் அலை மலையாகிறது, விடை திருகோணமலை. குறிப்பில் மலையே இல்லை, ஆனால் கோணேசர் கோயிலுக்குக் கீழே நின்று பார்த்தால் அதேதான் நடக்கிறது. அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் 'க்' போட்டு எழுதுகிறவர்கள் ஏழு கட்டம் கேட்பார்கள், அந்தச் சண்டையை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முழுப் புதிரையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை. பழைய ஆட்களுக்குப் பழையது இருக்கட்டும், கிழமைக்கு ஐந்தே ஐந்து குறிப்பு இந்த முறையில் போட்டுப் பாருங்கள். முதலாவதை நானே தருகிறேன், எங்கள் ஊர்க்காரர் உடனே பிடித்துவிடுவார்கள், உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கிறேன்:

"குமரி போய்விட்ட இந்திய முனையில் சுடுதண்ணீர்க் கிணறு (4)".

விடையை அடுத்த ஞாயிறு போடுங்கள். குழப்பாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை