சிறுமூளைக்கு ஒரே வரியா?

அன்புள்ள சேகர்,

கடிதமும் மூளையைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய உரையும் கிடைத்தன. பதில் தாமதம்தான், திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

பெருமூளைப் பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. நான்கு மடல்கள், ஞாபகத்தைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கும் முகுளம், எல்லாம் சரி. "மூளையில் 10 சதவீதம்தான் வேலை செய்கிறது" என்பதை மட்டும் அடித்துவிட்டேன். உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு, ஓய்வு நேர ஆற்றலில் 20 சதவீதத்தை விழுங்குகிற உறுப்பு அது. பெரும்பகுதி சும்மா கிடந்தால் அவ்வளவு எதற்கு? இது மூர்த்தியின் கைங்கரியம்தானே?

என் கோபமெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான். "சிறுமூளை: உடலைச் சமநிலையில் வைக்கிறது." அவ்வளவுதானா, பாவி! 2009-ல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளைத் திசுவைக் கூழாகக் கரைத்து, மிதக்கும் செல் உட்கருக்களுக்குச் சாயமேற்றி எண்ணினார்கள். மொத்தம் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். அதில் 6,900 கோடி இந்தச் சிறுமூளையில், அதாவது மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள்.

அவ்வளவு கூட்டம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கையை நீட்டு என்று பெருமூளை ஆணையிடும்போதே அதன் நகல் ஒன்று மூளைத்தண்டில் இருக்கும் பான்ஸ் என்ற பகுதி வழியாகச் சிறுமூளைக்கு வந்துவிடுகிறது. தசையும் மூட்டும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்ற தகவல் தண்டுவடத்திலிருந்து வருகிறது. கண்ணால் பார்த்துத் திருத்தலாம் என்றால் நொடியில் பத்தில் ஒரு பங்காவது போய்விடும். வேகமான அசைவுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் கை எங்கே போய் நிற்கும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்துத் திருத்துகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் இந்தக் கணிப்புதான் காரணம். அதை மேடையிலேயே செய்யச் சொல், சிரிப்பு நிச்சயம்.

உள்ளே இருக்கும் பர்கின்ஜி செல்லை மட்டும் விட்டுவிடாதே. விசிறிபோல் விரிந்த அதன் கிளைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். இவ்வளவையும் கேட்டுவிட்டு அது வெளியே அனுப்புவது தடுக்கும் சமிக்ஞை ஒன்றுதான். நம் தலைமை எழுத்தரைப் போலவே!

இன்னொரு திருத்தம். "மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது" என்பது பெருமூளைக்குத்தான் பொருந்தும். சிறுமூளையிலிருந்து போகும் பாதை எதிர்ப்பக்கப் பெருமூளைக்குக் கடக்கிறது. அங்கிருந்து இறங்கும் பாதை முகுளத்தில் மறுபடி கடக்கிறது. ஆகவே இடது சிறுமூளை கெட்டால் இடது கைதான் தடுமாறும். பலம் குறையாது, அளவு தவறும்: மூக்கைத் தொடப் போன விரல் கன்னத்தில் இடிக்கும், இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் தெரியும். இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறாய்.

மணியின் தலைசுற்றல் பற்றிக் கேட்டிருந்தாய். படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் உட்காதில் இடம் மாறிய கால்சியத் துகள்கள்தான். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே பல நேரம் சரிசெய்துவிடுவார். ஆனால் திடீரென்று தொடங்கி நிற்காமல் சுற்றினால், வாந்தியோடு, பிடிமானமின்றி உட்காரக்கூட முடியாவிட்டால், அது சிறுமூளைப் பக்கவாதமாக இருக்கலாம். பல நேரம் முகம் கோணாது, கைகால் விழாது; அஜீரணம் என்று படுத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. சிறுமூளை இருக்கும் எலும்புக்குழி குறுகலானது. அடுத்த சில நாட்களில் வீக்கம் ஏறினால், மூளைத்திரவம் ஓடும் நான்காவது அறை அடைபட்டு அந்தத் திரவம் தேங்கும், மூளைத்தண்டு நசுங்கும். முதல் மணிநேரங்களில் சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல். இதை நாளைக்கே மணியின் மனைவியிடமும் சொல்லிவிடு. அவன் தானாகச் சொல்ல மாட்டான்.

உரையைத் திருத்தி அனுப்பு. சிறுமூளைக்கு ஒரு முழுப் பக்கமாவது வேண்டும். மூர்த்தியிடம் மட்டும் காட்டாதே.

உன்,
கோபால்