அமிலமும் உலோகமும்: சனிக்கிழமை வினாப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பலர் ஒரே இடங்களில்தான் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். அதனால் வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் காணொளி அழைப்பில் தேர்வு வினாக்களைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் போதும்.

1. இந்த மூன்றுக்கும் பிள்ளைகள் விடை எழுதி வைத்திருக்கட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.
அ) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரத்தைப் போட்டால் ஏன் குமிழி வருவதில்லை?
ஆ) அதே அமிலத்தில் இரும்பு கரைந்தால் கிடைப்பது பெர்ரஸ் குளோரைடா, பெர்ரிக் குளோரைடா?
இ) 13 கிராம் துத்தநாகம் முழுவதும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் ஹைட்ரஜன் வரும்? (அணு நிறை: துத்தநாகம் 65, ஹைட்ரஜன் 1)

2. நைட்ரிக் அமிலத்துக்குத் தனியாக அரை மணி நேரம். "உலோகமும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் ஹைட்ரஜனும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் வழுக்குவது இங்கேதான். நைட்ரிக் அமிலம் வலிமையான ஆக்சிஜனேற்றி (மற்றப் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்வது) என்பதால் ஹைட்ரஜனை நீராக மாற்றிவிடும். பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளே வெளிவரும். மிகவும் நீர்த்த அமிலத்தில் மெக்னீசியமும் மாங்கனீசும் விதிவிலக்கு; அவற்றில் ஹைட்ரஜன் வரும்.

3. ஹைட்ரஜன் சோதனையில் எரியும் குச்சியோடு நிறுத்தக் கூடாது. 'பாப்' ஒலியையும் எழுத வேண்டும்.

4. வீட்டில் யாரும் அமிலத்தை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், விடைகளை முன்கூட்டியே குழுவில் போட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!